கோழிகளில் வெப்ப அயர்ச்சி

கோழிகளில் வெப்ப அயர்ச்சி என்பது, சுற்றுப்புற வெப்பம் மிகும்போது கோழி தன் உடல் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் நலிவுறும் நிலை ஆகும். இது தொற்றுநோய் அன்று. எனினும் கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே கோழி இறக்கக்கூடும். வெள்ளைக்கழிச்சல் நோயின் தொடக்க அறிகுறிகள் சில இதனை ஒத்திருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது புறக்கடைக் கோழி வளர்ப்பில் முக்கியமானதாகும்.

காரணம்

கோழியின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 முதல் 42 °செ ஆகும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கொண்டை, தாடி, இறகற்ற கால்கள் ஆகியவற்றின் வழியாகவும், வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலமும் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சிரைக்கும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. கோடையில் முட்டை ஓடு மெலிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் மூச்சிரைப்பின் பயன் குறைகிறது. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, வங்காள விரிகுடாவை ஒட்டி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில், மே மாத அக்னி நட்சத்திர நாட்களில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தே காணப்படும். இங்கு வெப்பமானி காட்டும் அளவை மட்டும் கொண்டு கோழிக்கு நேரும் இடரை மதிப்பிட இயலாது.

அறிகுறிகள்

* வாயைத் திறந்து மூச்சிரைத்தல், இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்தல்
* தீவனம் குறைத்து நீர் மிகுதியாக அருந்துதல், நீர்த்த எச்சம்
* முட்டையிடுதல் குறைதல்
* முற்றிய நிலையில் தள்ளாட்டம், மயக்கம்

பஞ்சாரத்தில் கவிழ்க்கப்பட்டு வெயிலில் விடப்பட்ட கோழிகள், தகரக் கூரையின் கீழ் அடைக்கப்பட்டவை, இடம்விட்டு எழாத அடைக்கோழிகள் ஆகியவை எளிதில் பாதிக்கப்படுகின்றன.

முதலுதவி

பாதிக்கப்பட்ட கோழியைக் காற்றோட்டமுள்ள நிழலுக்கு மாற்ற வேண்டும். கால்களையும் கொண்டையையும் சாதாரண நீரால் நனைக்கலாம். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் கூடாது. அது அதிர்ச்சியை உண்டாக்கும். குளிர்ந்த நீரை மண்சட்டியில் அருகே வைத்து, தானாகவே அருந்தவிட வேண்டும். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் பின்புறத்தில் திறந்திருப்பதால், மயங்கிய கோழியின் வாயில் நீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். தெளிந்த பின்னர் உப்புச் சர்க்கரைக் கரைசல் தரலாம்.

செரிமானத்தின்போதும் உடலில் வெப்பம் உண்டாவதால், தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் அளிப்பது நன்று. கூரைமேல் தென்னங்கீற்று பரப்புவது கொட்டகையின் வெப்பத்தைக் குறைக்கும்.

வெள்ளைக்கழிச்சலிலிருந்து வேறுபாடு

வெப்ப அயர்ச்சியுற்ற கோழி பொதுவாக வெயில் தணிந்ததும் தேறிவிடும். அதிகாலைக் குளிர்ச்சியிலும் கோழி உறங்கியவாறு நின்றாலோ, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, கழுத்து திருகினாலோ, கால் அல்லது இறக்கை செயலிழந்தாலோ வெள்ளைக்கழிச்சல் என ஐயுற வேண்டும். தீநுண்மியால் உண்டாகும் இந்நோய் 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டதால் நியூகாசில் நோய் எனவும், இந்தியாவில் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் அறியப்பட்டதால் இராணிக்கெட் நோய் எனவும் வழங்கப்படுகிறது. தடுப்பூசி போடப்படாத கூட்டத்தில் பெரும்பாலான கோழிகள் இறக்க நேரிடலாம்.

இந்நோய்க்கு மருந்து இல்லை. சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி முதலியவற்றை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. ஆயினும் அது தடுப்பூசிக்கு ஈடாகாது. நோயுற்ற கோழியை உடனே தனிமைப்படுத்தி, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இறந்தவற்றைச் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். இழப்புக்கு அஞ்சி நோயுற்ற கோழிகளை அவசரமாகச் சந்தையில் விற்பது, நோயைப் பல ஊர்களுக்குக் கொண்டு செல்லும்.

தடுப்பு

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்தும், எட்டாவது வார அளவில் ஆர்2பி தடுப்பூசியும் அளிக்கப்படுகின்றன. உயிருள்ள தீநுண்மியைக் கொண்ட இம்மருந்துகள் வெப்பத்தால் வீரியம் இழப்பதால், பனிக்கட்டியில் வைத்தே எடுத்துச்செல்லப்பட வேண்டும். நோயுற்ற, அயர்ச்சியுற்ற கோழிகளுக்குத் தடுப்பூசி போடுதல் கூடாது. எதிர்ப்புச் சக்தி உருவாக ஓரிரு வாரங்கள் ஆகும் என்பதால் கோடைக்கு முன்பே தடுப்பூசி போடுவது இன்றியமையாதது. தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் அமைவது இதனாலேயே பயனுடையதாகிறது.