கெஸ்ட் ஹவுஸ் பாஸ்வேர்டுக்கு டார்க் வெப்பில் என்ன விலை?

‘போன வாரம் உங்க ஹோட்டல்ல தங்கினேன். பாஸ்போர்ட்டை ரூம்லயே விட்டுட்டேன்போல. கொஞ்சம் தேடிப் பார்க்க முடியுமா?’

புதுச்சேரி ஒயிட் டவுனில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவருக்கு இப்படி ஒரு மெயில் வந்தால், பதறிப்போய் உதவத்தானே தோன்றும்? பதில் போட்டதும், ‘பாஸ்போர்ட் போட்டோ இதுல இருக்கு’ என்று ஒரு கூகுள் டிரைவ் லிங்க் வரும். அதில் இருப்பது போட்டோ இல்லை, ‘விடார்’ என்ற திருட்டு மென்பொருள்.

இது கற்பனை அல்ல. ஒரு ஹோட்டலில் நடந்ததாக 2023-ல் செக்யூர்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட தகவல். அந்த ஹோட்டலின் புக்கிங்.காம் லாகின் திருடப்பட்டு, அதன் பெயரிலேயே விருந்தினர்களுக்குப் பணம் கேட்டு மெசேஜ் போனது. இப்படிப்பட்ட ஹோட்டல் லாகின்களை 30 டாலரிலிருந்து 2,000 டாலர் வரை கொடுத்து வாங்க டார்க் வெப்பில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

டார்க் வெப் என்பது கூகுளில் சிக்காத, ‘டார்’ போன்ற தனி பிரவுசரில் மட்டும் திறக்கும் தளங்கள். டாரின் அடிப்படைத் தொழில்நுட்பம் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பத்திரிகையாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். திருட்டுச் சந்தை அதன் ஒரு பகுதிதான்.

‘நம்மகிட்ட திருட என்ன இருக்கு?’ என்று கேட்காதீர்கள். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரங்களைப் பதிய வேண்டும். அதற்காக வாங்கிய பாஸ்போர்ட் நகல்கள் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில்தானே கிடக்கின்றன! திருப்பூர் ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்ததை 2022-ல் கிளவுட்செக் நிறுவனம் கண்டுபிடித்தது. அவை கசிந்தது, வெளி ஐடி நிறுவனம் ஒன்றின் வழியாக என்றது கிளவுட்செக். ஆரம்ப விலை, வெறும் 100 டாலர்.

உங்கள் மெயில் ஐடி ஏற்கெனவே கசிந்திருக்கிறதா என்பதை ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புக்கிங் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். வேலை முடிந்த பாஸ்போர்ட் நகல்களை அழித்துவிடுங்கள்.

லிங்க்கை க்ளிக் பண்ணிட்டீங்களா? பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. விடார் வகையறாக்கள் பிரவுசர் குக்கீகளையும் அள்ளிச் செல்லும். பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய அது போதும். அதனால் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எல்லா டிவைஸ்களையும் லாக் அவுட் செய்துவிட்டு, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் போடுங்கள். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி.