கடலடி ஒளியிழை வடம்

கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதியைச் சுமப்பது செயற்கைக்கோள் அல்ல, கடலடியில் கிடக்கும் ஒளியிழை வடம். கம்பியில்லாததே நவீனமானது என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால், ஒரு செய்தி மேலே போய்க் கீழே இறங்கவே கால் நொடி ஆகும். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ.யாகக் குறைகிறது. ஆனாலும் சென்னையிலிருந்து அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்னைய போர்ட் பிளேர்) அது சில மில்லிநொடிகளில் சேர்ந்துவிடும். அந்தமான் தீவுகள் முன்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. 2020 ஆகஸ்டில் சுமார் 2,300 கி.மீ. வடம் திறக்கப்பட்ட பிறகே அங்கே தாராளமான அலைவரிசை கிடைத்தது. ஆழ்கடலில் இவ்வடம் தோட்டத்துக் குழாயின் பருமன்தான். அதிலுள்ள இழையின் உள்ளகம் 9 மைக்ரான் அளவே. ஒளி மங்கிவிடாதபடி வழிநெடுகப் பெருக்கிகள் உண்டு. அவற்றுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொண்டுபோவது, காலாவதியானதாகப் பலர் கருதும் அதே செம்புதான்.

சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் புதிய செயற்கைக்கோள்கள் தாமதத்தைப் போக்கிவிட்டனவே என்று கேட்கலாம். தாமதம் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு பகுதிக்குக் கிடைக்கும் அலைவரிசையை அங்குள்ள எல்லாரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இழையிலோ வெவ்வேறு நிற ஒளிகளை ஒருசேர அனுப்பிக் கொள்ளளவைப் பெருக்கலாம். வடம் அறுந்துபோகும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது தீவு நாடான டோங்காவின் ஒரே பன்னாட்டு வடம் துண்டானது. சீராக்க ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. இடைப்பட்ட நாளில் அவசரத் தேவைக்குச் செயற்கைக்கோள் கைகொடுத்தது. அந்நாட்டுக்கு இல்லாமற்போனது வேறு தடத்தில் வரும் இரண்டாவது வடம்.