செப்பனிட்டவன் பெயரில் ஒரு குளம்

வனவிலங்குக் கண்காட்சி என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது ஆப்பிரிக்காவே. ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வார விழாவும், பிப்ரவரி 2-இல் உலக ஈரநில நாளும் வருகின்றன. அவ்வேளைகளில் பள்ளிகளிலும் மன்றங்களிலும் சொற்பொழிவுகளும் படக் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. சிங்கத்தையும் வரிக்குதிரையையும் ஒட்டகச்சிவிங்கியையும் நம் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லி விடுகின்றனர். நன்று. ஆயினும், திருப்பூருக்கு வடகிழக்கே, சர்க்கார் பெரியபாளையத்தின் அருகே பரந்து கிடக்கும் நஞ்சராயன் குளத்தில் நீந்துகிற நாமக்கோழியையும் ஊசிவால் வாத்தையும் பெயர் சொல்லி அழைப்போர் அவர்களுள் எத்தனை பேர்? தொலைவில் உள்ளதைப் போற்றும் மனம் அருகில் உள்ளதைக் காணத் தவறலாகாது. அதற்கு வரலாறு நமக்குத் துணை செய்யும்.

நஞ்சராயன் குளம் நல்லாற்றின் நீரையும் மழைநீரையும் பெற்று நிறைகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்னும் மன்னன் இதைச் செப்பனிட்டதால் இப்பெயர் வந்தது என்பர். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். முதலில் வெட்டியவன் யார் என்பதைப் பெயர் சொல்லவில்லை. பழுதுபட்டதைச் சீர்செய்தவனையே ஊர் நினைவில் வைத்திருக்கிறது. குளம் ஒருமுறை வெட்டி முடித்துவிடும் பொருளன்று. கரை சரியும், வண்டல் சேரும், வரத்துக்கால் தூர்ந்துபோகும். ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் ஒருமுறை தன்னுடையதாக்கிக் கொள்ள வேண்டும்.

இவ்வாறு தன்னுடையதாக்கிக் கொண்ட மக்களைத் தமிழகம் முன்னரே கண்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுத்திருக்கவில்லை. ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தறியாத உழவரும் இருந்த ஒரு சிற்றூர் அதன் பொருளை உணர்ந்திருந்தது.

நம் காலத்திலும் அத்தகைய மாற்றம் நிகழ்ந்ததுண்டு. அது நம்மை ஆப்பிரிக்காவோடு இணைக்கும் கதையுமாகும். அமூர் வல்லூறு என்பது ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள சிறு பறவை. சைபீரியா, வடசீனப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, நாகாலாந்தில் இளைப்பாறி, நம் தீபகற்பத்தின் மேலாகவும் அரபிக்கடலின் மேலாகவும் பறந்து தென் ஆப்பிரிக்கப் பகுதிகளை அடைகிறது. 2012-ஆம் ஆண்டு, நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இப்பறவைகள் வலைகளில் ஆயிரக்கணக்கில் பிடிபட்டு விற்கப்படுவது வெளியுலகுக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அவ்வேட்டை அங்கே நின்றது. இயற்கை அமைப்புகள் வீடு வீடாகப் பேசின. ஊர்மன்றங்கள் தடை விதித்தன. திருச்சபைகளும் துணை நின்றன. வலை விரித்த பாங்தி ஊரே பின்னர் அப்பறவைகளின் காவலாயிற்று. ஆப்பிரிக்க வானில் ஒரு பறவை பறக்க வேண்டுமானால், இந்திய மலைக்கிராமம் ஒன்று மனம் மாற வேண்டியிருந்தது!

இனி நம் ஊருக்கு வருவோம். பனியன் தொழில் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதை மறுப்போர் இல்லை. ஆனால் அதன் விலையை நொய்யல் செலுத்தியது. பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று; அணை வேண்டிய உழவர்களே அதன் நீரை அஞ்சினர். அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை, பெரும் பொருட்செலவோடு, அதன் பின்னரே வேரூன்றியது. உழவரும் உரிமையாளரும் தொழிலாளரும் ஒருசேர நொந்த காலம் அது. பழுதைக் காலத்தே பார்க்க மறுத்ததன் பயன் அதுவேயாகும்.

அதே திருப்பூரின் எல்லையில்தான் நஞ்சராயன் குளம் பறவைகளுக்குப் புகலிடமாகியது. திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சார்ந்த ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கரையில் நின்று எண்ணினர், குறித்தனர், படமெடுத்தனர், பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தனர். இதுவரை 191 வகைப் பறவைகளும், 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே பதிவாகியுள்ளன. 2022-இல் இது தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள் பட்டியலிடப்படுகின்றன. 125 ஹெக்டேருக்குச் சற்று மிகுதியான நம் குளமும் அப்பட்டியலில் சேர்ந்ததை நடுவண் அரசு 2024 ஆகஸ்டில் அறிவித்தது.

அரசாணை வந்துவிட்டதால் நம் கடமை முடிந்ததா? வேடந்தாங்கலிலும் தோயாங்கிலும் ஆணைக்கு உயிர் தந்தவர்கள் அருகில் வாழ்ந்த மக்களே. நெருங்கி வளரும் நகரத்தின் கழிவும் குப்பையும் ஓர் அறிவிப்புப் பலகையைக் கண்டு நின்றுவிடுவதில்லை. இக்குளத்தைச் சுற்றி வாழ்வோருள் பலர் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு இது இன்னும் பிறர் ஊரின் குளமே. சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் உண்மையில் அவர்களுக்கே தேவை. ஆறு நாள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஏழாம் நாளில் அந்தக் கரையை யாரேனும் காட்ட வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை கண்காட்சி அறிவிப்பு வரும்போது பிள்ளைகளைத் தவறாது அழைத்துச் செல்வோம். ஆப்பிரிக்கச் சிங்கத்தை அவர்கள் வியந்து நோக்கட்டும். பின்னர் ஒரு ஞாயிறு மாலை, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் உடன் சேர்த்துக்கொண்டு நஞ்சராயன் கரைக்குச் செல்வோம். தொலைநோக்கி இல்லையெனினும் குறையில்லை, கண்கள் போதும். வெட்டியவன் பெயர் மறைந்தும் செப்பனிட்டவன் பெயர் நிலைத்த குளம் அது. அடுத்துச் செப்பனிட வேண்டிய முறை நம்முடையது.