உழைப்பும் மனநிறைவும்: இருவேறு பொருளியல் முறைகளின் வரலாற்று ஒப்பாய்வு

மாந்தர்க்கு நல்வாழ்வு எவ்வாறு அமையும் என்னும் வினாவிற்கு முதலாளியமும் பொதுவுடைமையும் இருவேறு விடைகள் கூறின. அவ்விடைகளைக் கொள்கை நூல்களில் மட்டுமன்றித் தொழிற்கூடத்திலும் வைத்து ஆராய்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

கார்ல் மார்க்சு 1844-இல் பாரிசில் எழுதிய கையெழுத்துப் படிகள் 1932-இல்தான் முழுமையாக அச்சேறின. உழைப்பாளி தான் ஆக்கும் பொருளினின்று மட்டுமன்றி, ஆக்கும் செயலினின்றும் அந்நியமாகின்றான் என்பது அவற்றின் கருத்து. அதன்படி, குறை கூலியளவில் மட்டும் இல்லை. வேலையின் இயல்பிலேயே உள்ளது.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1913-இல், ஆள் நிற்கப் பொருள் நகரும் தொடர்பொருத்து முறையைப் புகுத்தியது. ஓர் ஊர்தியின் அடிச்சட்டத்தைப் பொருத்த முன்னர் 12 மணி நேரத்திற்கு மேலாயிற்று; 1914-இல் 93 நிமிடங்களே போதியனவாயின. ஆயினும், ஒரே அசைவை நாள் முழுதும் செய்ய மனமின்றித் தொழிலாளர் பலர் விலகினர். 1913-இல் ஆட்பெயர்ச்சி 370 விழுக்காட்டை எட்டியது. எனவே, 1914 சனவரியில் நிறுவனம் நாளூதியத்தை 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை 8 மணியாகக் குறைத்தது. வேலையின் தன்மையோ மாறவில்லை.

இனி உருசியாவை நோக்குவாம். உழைப்பாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வரையறுப்பது அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் முறை. அது மனிதனைப் பொறிக்கு அடிமையாக்குவது என 1914-இல் கண்டித்த இலெனின், 1918-இல் அதன் அறிவியற் கூறுகளைக் கற்றுப் பயன்கொள்ள வேண்டும் என்றார். 1929-இல் சோவியத்து அரசு ஃபோர்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பயனாக நீழ்னி நோவ்கொரோது நகரில் எழுந்த ஊர்தித் தொழிற்சாலை 1932-இல் இயங்கத் தொடங்கிற்று. மார்க்சின் அப்படிகள் அச்சேறியதும் அவ்வாண்டே என்பது கருதத்தக்கது.

இருமுறைகட்கும் வேறுபாடு இல்லை என்று யாம் கூறவில்லை. அமெரிக்கத் தொழிலாளி விரும்பின் விலகலாம்; ஆயின் 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில், விலக விரும்பாத பல இலக்கம் பேரும் வேலையிழந்தனர். சோவியத்துத் தொழிலாளிக்கு வேலை உறுதியாயிருந்தது. ஆயின் 1940 சூன் ஆணைப்படி, இசைவின்றி விலகுதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அவ்வாணை 1956-இல்தான் முற்றும் நீக்கப்பட்டது.

ஆகவே, உடைமை யாருடையது என்பதில் மாறுபட்ட இரண்டும், உழைக்கும் நேரத்தை மனிதன் எங்ஙனம் வாழ்கின்றான் என்பதில் ஒருவழியே சென்றன. நல்வாழ்வை ஆராய்வோர் உடைமையோடும் ஊதியத்தோடும் நில்லாது, வேலையின் இயல்பையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு.