காத்தாடி நடும் முன் வாத்து எண்ணிய கதை

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் கடைப்பக்கம் ஆளையே காணோம். மன்னிச்சுக்குங்க மக்களே.

போன வாரம் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமம். அவங்க அப்பா இன்னமும் கடலுக்குப் போறவர். "ஏல, நம்ம கடல்ல காத்தாடி நடப்போறாங்களாம்லா. மீனு நிக்குமா, ஓடிருமா? நீ இன்ஜினியர்தானல, சொல்லு"ன்னான். (அவனும் இன்ஜினியர்தான், அது வேற விஷயம்.) வதந்தியும் இல்ல. தமிழ்நாட்டுக் கடலுக்கு 500 மெகாவாட், குஜராத் கடலுக்கு 500 மெகாவாட்னு, கடல் காற்றாலைகளுக்கு நிதியுதவி செய்யும் திட்டத்துக்கு 2024 ஜூன்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாச்சு. எனக்குப் பதில் தெரியல. தேடப்போய் டென்மார்க்ல மாட்டிக்கிட்டேன்.

உலகத்தின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991ல அங்கதான் வந்துச்சு. லாலண்ட் தீவின் வடகரையை ஒட்டி, விண்டெபிங்கற இடம். 11 காத்தாடி, ஒவ்வொண்ணும் 450 கிலோவாட். இன்னிக்கு ஒரே ஒரு கடல் காத்தாடி அதைவிட ரெண்டு மூணு மடங்கு கொடுக்கும். 2017ல அதையெல்லாம் கழட்டி எடுத்துட்டாங்க.

எனக்குப் பிடிச்ச கதை அடுத்த பண்ணையில்தான் ஆரம்பிக்குது. 1995ல டூனோ தீவுக்குப் பக்கத்துல, டூனோ க்நோப்ங்கற மேட்டுல 10 காத்தாடி நட்டாங்க. அந்த ஆழம் குறைஞ்ச கடல்ல குளிர்காலம் ஆனா ஈடர் வாத்துகள் வந்து இறங்கும். முழுகி முழுகி அடியில இருக்கற சிப்பியைத் தின்னும். ஆராய்ச்சியாளர்கள் காத்தாடி வர்றதுக்கு முன்னாடி இருந்தே வாத்தை எண்ண ஆரம்பிச்சிருந்தாங்க. அதோட, காத்தாடி வராத இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகச் சேர்த்தே எண்ணினாங்க.

காத்தாடி வந்துச்சு. வாத்து குறைஞ்சுச்சு.

நானா இருந்தா அன்னிக்கே "காத்தாடியால வாத்து ஓடிப்போச்சு"ன்னு பதிவு போட்டுட்டு, தூங்கப் போயிருப்பேன். நம்ம ஆபீஸ்ல புது ரிலீஸ் போன அன்னிக்கு சர்வர் படுத்தா, கடைசியா கோடு எழுதினவனைத்தானே முதல்ல கும்முவாங்க? இவங்க அப்படிப் பண்ணல. சிப்பியையும் அளந்தாங்க. வாத்து திங்கற அளவு சிப்பி அந்த வருஷங்கள்ல குறைஞ்சிருந்துச்சு. அப்புறம் சிப்பி பெருகினப்ப வாத்தும் திரும்ப வந்துச்சு. அதோட விடாம, காத்தாடிகளை நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்திருக்காங்க. வாத்துகள் பெருசா கண்டுக்கல :-)

1998ல டென்மார்க் அரசு பெரிய பண்ணைகளுக்குத் திட்டம் போட்டுச்சு. அதுல ரெண்டு எழும்புச்சு. வடகடல்ல 2002ல ஹார்ன்ஸ் ரெவ், 80 காத்தாடி, 160 மெகாவாட். லாலண்டின் தென்கரையைத் தாண்டி 2003ல நிஸ்டெட், 72 காத்தாடி. இது ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கடல் ஆராய்ச்சித் திட்டம் 2006 வரைக்கும் ஓடுச்சு. செலவு 84 மில்லியன் குரோனர். அது மின்சாரக் கட்டணத்தோட சேர்த்து ஜனங்ககிட்ட வாங்கின பணம். காத்தாடிக் கம்பெனி காசுல காத்தாடிக் கம்பெனிக்கே நற்சான்றிதழ் எழுதற வேலை இல்லாம, வெளிநாட்டு நிபுணர் குழு ஒண்ணும் மேற்பார்வை பார்த்துச்சு. இந்த ஏற்பாட்டைத்தான் நான் மொத்தக் கதையிலயும் பெருசா நினைக்கறேன்.

நிஸ்டெட்ல ராடார் வெச்சுப் பறவைகள் போற பாதையை வரைஞ்சாங்க. பண்ணை வந்தப்புறம் உள்ள நுழையற கூட்டங்கள் நாலுல ஒரு பங்குக்கும் கீழ இறங்கிடுச்சு. காத்தாடிகிட்ட மோதற தூரத்துக்குப் போனது நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல. ராத்திரியில கூட்டங்கள் கொஞ்சம் அதிகமா உள்ள வந்தாலும், காத்தாடி வரிசைக்கு நடுவுல இன்னும் தள்ளித் தள்ளிப் பறந்துச்சாம். வாத்துமடையன்னு நாம திட்டறதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கணும்.

பறவையை விடுங்க, தண்ணிக்குள்ளதான் சிக்கல். பார்பாய்ஸ்னு ஒரு பிராணி, நம்ம ஓங்கிலோட சின்னத் தம்பி மாதிரி. கலங்கின தண்ணியில 'டிக் டிக்'னு ஒலி விட்டு, எதிரொலியை வெச்சு வழியும் இரையும் கண்டுபிடிக்கும். அந்த டிக்கை எண்ணறதுக்குன்னே டி-பாட்னு ஒரு கருவி. கட்டுமானத்துக்கு முன்னாடியே பண்ணை இடத்துலயும், 10 கிலோமீட்டர் தள்ளி ஒப்பீட்டு இடத்துலயும் இதை இறக்கி வெச்சாங்க. ஒரு தடவை சத்தம் கேட்டா அடுத்த சத்தம் கேட்க முன்னாடி சராசரியா 6 மணி நேரம் ஆயிட்டிருந்துச்சு. கட்டுமானக் காலத்துல அது 3 நாளாச்சு. இத்தனைக்கும் நிஸ்டெட்ல அடித்தளமெல்லாம் கான்கிரீட் பெட்டியைத் தரையில உட்கார வெச்சது. இரும்புத் தகடு அடிச்சு இறக்கினது ஒரே ஒரு இடத்துலதான்.

சரி, வேலை முடிஞ்சா திரும்பி வந்துடும்னு நினைச்சிருப்பாங்க. டெய்ல்மன், கார்ஸ்டென்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் விடாம எண்ணி, 2012ல கணக்குச் சொன்னாங்க. பழைய அளவுல 11 சதவீதமா விழுந்தது, பத்து வருஷம் கழிச்சு 29 சதவீதத்துக்குத்தான் ஏறியிருந்துச்சு.

உடனே "பார்த்தியா, காத்தாடி நாசம்"னு கிளம்பிடாதீங்க. நெதர்லாந்துல எக்மண்ட் கரைக்கு எதிர்ல 36 காத்தாடிப் பண்ணையிலும் இதே மாதிரி எண்ணினாங்க. 2011ல வந்த முடிவு: பண்ணைக்குள்ள பார்பாய்ஸ் கூடியிருக்கு! கப்பல் நெரிசல் மிகுந்த அந்தக் கடல்ல, கப்பலும் வலையும் வராத இடம் இதுதான். அதனால ஒதுங்க வந்திருக்கலாம், தூண்களைச் சுத்தி இரை பெருகியிருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் யோசிச்சாங்க. ஒரே பிராணி, ஒரே மாதிரி காத்தாடி, ரெண்டு கடல்ல ரெண்டு பதில்.

இதுலருந்து நடைமுறைக்கு வந்ததும் உண்டு. ஜெர்மனியில தூணை அடிச்சு இறக்கினா 750 மீட்டர் தூரத்துல சத்தம் 160 டெசிபலைத் தாண்டக்கூடாதுன்னு வரம்பு வெச்சாங்க. அதுக்காகக் கடலடியில ஓட்டை போட்ட குழாயை வட்டமா விரிச்சு, காத்தை அழுத்திக் குமிழித் திரை எழுப்பறாங்க. குமிழி சத்தத்தைத் தின்னுடும். குழாயில ஓட்டை போடற வேலைக்கு நாலு வருஷம் இன்ஜினியரிங் எதுக்குன்னு கேட்கக்கூடாது.

நேத்து ராத்திரி நண்பனுக்கு எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அங்க வாத்துக்குப் பதில் சொல்லிருக்கான், நம்ம சாளைக்கும் ஆவுளியாவுக்கும் யாருல சொல்லுவா?"ன்னான். டென்மார்க் கணக்கை இங்க ஒட்ட முடியாதுன்னு ஒத்துக்கிட்டேன். எந்த மாசம் எந்தப் பாறைப்பக்கம் என்ன மீன் பட்டுச்சுன்னு அவங்க அப்பா முப்பது வருஷமா மனசுலயே வெச்சிருக்காராம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, இந்த சீசன்லருந்து எழுதி வைக்கச் சொல்றேன்னான். எழுதினதை எக்செல்ல ஏத்தற வேலை என்னோடது.

டிஸ்கி: ஈடர் வாத்து எப்படி இருக்கும்னு படம் பார்த்தேன். ஆம்பிளை வாத்துக்குப் பிடரியில லேசா பச்சை. அசப்புல எங்க மேனேஜர் டை அடிச்சு முடிச்ச மறுநாள் மாதிரியே இருந்துச்சு. அவர் இதைப் படிக்க மாட்டார்ங்கற நம்பிக்கை :-)