துறையறிந்து இறங்கியோர்

ஒரு கலையை முற்றக் கற்றவரைத் ‘துறைபோகியவர்’ என்கிறோம். துறை என்பது ஆற்றில் இறங்கும் இடமும் ஆகும். நீர்விளையாட்டில் எவர் எந்தத் துறையில் இறங்கலாம் என்பதைத் தமிழர் ஓர் அறிவாகவே போற்றினர் என்பதற்குச் சங்கப் பாடல்களில் சான்றுகள் உள. கோவளத்துக் கடலில் அலைச்சறுக்குப் பழகுவோர், தொடக்கநிலையினருக்கு ஓர் இடம், தேர்ந்தவருக்கு மற்றோர் இடம் எனப் பிரித்துக் கொள்வதைக் காணும்போது, கடலில்லாத திருச்சிராப்பள்ளியின் பழைய காவிரித் துறைகளே நம் நினைவுக்கு வருகின்றன.

அகநானூற்றின் ஆறாம் பாடலில் பரணர் உறையூர்க் காவிரியைக் காட்டுகிறார். ஓடக்கோலும் நிலைகொள்ளாத ஆழம் அது. அவ்வெள்ளத்தில் தலைவன் பரத்தையுடன் வேழக்கோலால் ஆன புணையைத் தழுவி நீராடியதைத் தலைவி சுட்டி ஊடுகிறாள். ஊடலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நிலையில்லாத நீரில் புணையின்றி இறங்கலாகாது என்னும் நடைமுறை தெரிகிறது. பெரு நாட்டு வாஞ்சாக்கோ கடற்கரையில் மீனவர்கள் கோரைப் படகுகளில் இன்றும் அலைமேல் ஏறிக் கரை சேர்கின்றனர். நாணலின் மிதப்பை நம்பியவர்கள் நாம் மட்டுமல்லர்.

புணை வேண்டாதவர்களும் இருந்தனர். புறநானூற்றின் 243ஆம் பாடலில், தண்டூன்றி இருமும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். நீரின்மேல் தாழ்ந்த மருதக்கிளையில் ஏறிக் கரையோர் வியக்க மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்தவர் அவர். கையில் வந்த மணலே அவர் ஆழத்தைத் தொட்டதற்குச் சான்று. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய அம்மடு எந்த ஆற்றினது என்று பாடல் சொல்லவில்லை. ஆயினும் புணைபற்றி ஆடுவோர், கிளையிலிருந்து பாய்வோர் என்னும் இரு நிலைகளை இவ்விரு பாடல்களும் தெளிவாக்குகின்றன.

தேர்ச்சி மட்டுமே காக்காது என்பதையும் பரணரே பதிவு செய்கிறார். கழார்த் துறையில் புனலாடிய ஆட்டனத்தியைக் காவிரி கொண்டு சென்றது. அவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியைச் சிலப்பதிகாரம் கரிகாலன் மகள் என்கிறது. குறுந்தொகையின் 31ஆம் பாடலும் அவள் பெயரில் வழங்குகிறது. ஆடலில் வல்லவனாகப் போற்றப்பட்டவனையே ஆறு விடவில்லை.

திருவரங்கத்தில் இந்த அறிவின் தேவை இரட்டிப்பாகும். முக்கொம்பில் பிரியும் ஆறு, தீவின் தெற்கே காவிரியாகவும், வடக்கே வடதிருக்காவிரி எனப்படும் கொள்ளிடமாகவும் ஓடுகிறது. தெற்கில் அம்மா மண்டபத்துப் படிகள் முழங்கால் நீர், இடுப்பு நீர் என அளவறிந்து இறங்க இடம் தருகின்றன. கொள்ளிடமோ அகன்ற மணற்படுகை. பெருவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வடிகால். அதன் படுகை தாழ்ந்திருந்ததால் நீரெல்லாம் அப்பக்கமே இழுக்கப்பட, 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்டில் அவ்வணையின் மதகுகளையே வெள்ளம் அடித்துச் சென்றது.

ஆற்றின் இயல்பும் மாறிவிட்டது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின், வெள்ளத்தின் வரவை உள்ளூர் வானத்தைப் பார்த்துக் கணிக்க இயலாது. இங்கே மழையே இல்லாத நாளிலும் நீர் ஏறலாம். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. நேற்று நிலையாக இருந்த இடம் இன்று ஆளாழமாகிவிடும். ஆண்டு முழுவதும் ஆற்றில் குளித்த தலைமுறைக்குச் சுழி எங்கே, மணல்திட்டு எங்கே என்பது காலறிந்த பாடம். குழாய்நீரில் வளர்ந்த நம் பிள்ளைகளோ ஆண்டுக்கொருமுறை, அதுவும் ஆறு பெருகும் ஆடிப்பதினெட்டு அன்று, அந்த ஆற்றில் இறங்குகின்றனர்.

இலக்கிய வகுப்புகளில் புனலாட்டைத் தலைவியின் ஊடலுக்கான காரணமாக மட்டுமே விளக்கிக் கடந்துவிடுகிறோம். ஓடக்கோல் எட்டாத ஆழமும், தழுவிய புணையும், அள்ளிவந்த மணலும் அங்கே அணிக்காக மட்டும் வந்தவை அல்ல. மாணவருக்கு இவற்றைப் பொருளோடு சொல்ல வேண்டும். அதற்கு முன், அவர்களுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டும்.