ஸ்பானியப் பொன் நாணயங்கள்: முகமும் நட்சத்திரமும்

நாணயம் சேகரிப்போர் முதலிற் கேட்கும் வினா, 'இது எவ்வளவு அரியது?' என்பதாகும். வரலாற்று மாணவர்களாகிய நாம் கேட்கவேண்டியது வேறு: இதனை யார், எப்போது, எத்தேவை கருதிப் பொறித்தனர்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானியப் பொன் நாணயங்களைப் பொறுத்தவரை, இரண்டாம் வினாவுக்கு விடை காணாதவர் முதலாவதற்கும் விடை காணமாட்டார்.

ஏழாம் பெர்டினாண்டின் எட்டு எஸ்கூடோ நாணயம் 27 கிராம் நிறையுடையது. மட்றிட்டில் மட்டுமன்றி மெக்சிக்கோ, லீமா, பொப்பயான் முதலிய அமெரிக்க நாணயச்சாலைகளிலும் அது பொறிக்கப்பட்டது. நியூ கிரனடாவின் ஆற்றுப்படுகைகளிற் பொன் அரித்தோருள் ஆபிரிக்க வழிவந்த அடிமைகளே முதன்மையானோர். நாணயத்தின் முகத்தில் அரசன் இருக்கின்றான், அவர்களைக் காணோம். 1824இல் அயகுச்சோப் போருடன் அப்பேரரசு அமெரிக்கப் பெருநிலத்தில் வீழ்ந்தது.

இரண்டாம் இசபெல்லாவின் பிற்கால நாணயங்களில் நாணயச்சாலையை நட்சத்திரம் உணர்த்தும். ஆறு முனையெனின் மட்றிட், ஏழெனின் செவில், எட்டெனின் பார்சிலோனா. 1868 செப்டெம்பர்ப் புரட்சி இசபெல்லாவை நாட்டைவிட்டு அகற்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில் இடைக்கால அரசாங்கம் பெசெற்றாவை நாணய அலகாக்கியது. ஆயினும் புதிய பொன் நாணயம் மக்கள் கைக்கு வந்தது 1876இலேயே. இடையில் நிகழ்ந்தது எமது கவனத்துக்குரியது. 1868 எனப் பெரிதாக ஆண்டிட்ட பத்து எஸ்கூடோக்கள் சிலவற்றில், இரு சிறு நட்சத்திரங்களுள் 18, 73 என்னும் எண்கள் காணப்படுகின்றன. குடியரசு தோன்றிய 1873ஆம் ஆண்டிலும் முடியிழந்த அரசியின் முகமே பொன்னிற் பொறிக்கப்பட்டதென்பது இதன் பொருள். அரசியல் மாறிய வேகத்தில் சந்தையின் பழக்கம் மாறவில்லை என்றே நாம் கொள்கின்றோம்.

நட்சத்திரத்தைப் படியாதவர் ஏமாறுவதுமுண்டு. 1876 என ஆண்டிட்ட 25 பெசெற்றாக்களுள் 19, 62 என நட்சத்திரமுடையவை பிராங்கோ ஆட்சியில், 1962இல், அதே மட்றிட் நாணயச்சாலை மீளப் பொறித்தவை. 1897ஆம் ஆண்டின் 100 பெசெற்றாவுக்கும் இத்தகைய மறுபொறிப்பு உண்டு. இவை போலியல்ல, ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியனவுமல்ல.

உண்மையான போலிகளின் கதை இதனினும் சுவையானது. அந்நூற்றாண்டிற் பிளாற்றினம் பொன்னினும் மிக மலிவானது. நியூ கிரனடாவிற் பொன் அரித்தோர் அதனை ஒரு தொல்லையெனக் கழித்தொதுக்கினர். அதன் அடர்த்தி 21.4, நாணயப் பொன்னினது ஏறத்தாழ 17. கள்ள நாணயக்காரர் பிளாற்றினத்துடன் செம்பு கலந்து இவ்வேறுபாட்டைச் சரிக்கட்டி, மேலே பொன்முலாம் பூசினர். நிறையும் அளவும் ஒத்திருந்தமையால், தராசை மட்டும் நம்பிய வணிகன் தோற்றான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிளாற்றினத்தின் விலை பொன்விலையை விஞ்சியபோது, கள்ள நாணயம் தான் நடித்த நல்ல நாணயத்தினும் விலைமிக்க உலோகத்தைத் தன்னுட் கொண்டிருந்தது. இன்று சேகரிப்பாளர் அவற்றையே தனியே தேடுகின்றனர்; முலாம் தேய்ந்த விளிம்பிற் சாம்பல் நிறம் தெரிகின்றதா என்று பார்ப்பது அவர்தம் வழக்கம்.